இரண்டாம் ஆண்டில் சேர நான் அனுப்பிய அறிக்கை

போன மாதம் உங்கள் குடும்பநல நிலையத்துக்கு என்னைப் பேச அழைத்திருந்தீர்கள். பேச்சு முடிந்து, கறிபஃப் தட்டும் காலியான பிறகு, மூன்று பேர் தயங்கித் தயங்கி என் பக்கம் வந்தீர்கள்.

"ஆன்ட்டி, நாங்க டிப்ளோமா முடிச்சுட்டு வேலைக்கு வந்துட்டோம். இப்ப யூனிவர்சிட்டில சோஷியல் வொர்க் டிகிரிக்கு அப்ளை பண்றோம். நேரா செகண்ட் இயர் குடுப்பாங்களா?" என்று கேட்டீர்கள். கீழே மருமகன் வண்டியை நிறுத்த இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தார். "எழுதி அனுப்புறேன்லா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஓய்வு பெற்றவர்கள் அப்படிச் சொன்னால் எழுதமாட்டார்கள் என்று நினைத்திருப்பீர்கள். எழுதிவிட்டேன்.

கேட்டதற்குப் பதில் ஒரே வரிதான். போங்கள், தயங்காதீர்கள், உங்களால் முடியும். இரண்டாம் ஆண்டு கொடுப்பார்களா என்பது எனக்குத் தெரியாது. அதே கேள்வியோடு நானும் ஒரு காலத்தில் அலைந்தேன். அப்போது நடந்ததைத்தான் எழுதுகிறேன். என் வேலையைப் பற்றிப் பெருமை பேச எனக்குப் பிடிக்கும், உங்களுக்கே தெரியும். இதில் பெருமைக்கு அவ்வளவாக இடமில்லை.

எழுபதுகளின் நடுவில், இதே சிங்கப்பூரில், பகலில் ஒரு கடையில் டைப்பிஸ்ட்டாக இருந்துகொண்டு, மாலைநேரக் கல்லூரி ஒன்றில் இரண்டாண்டுப் பட்டயம் படித்தேன். சமூகப் பணியில் பட்டயம். படித்து முடித்ததும் குவீன்ஸ்டவுனில் ஒரு சிறிய குடும்பநல நிலையத்தில் வேலை கிடைத்தது. பதவிப் பெயர் உதவியாளர். ஆறு வருடம் உதவியாளராகவே இருந்தேன். வீடு வீடாகப் போவேன், அறிக்கை எழுதுவேன், கீழே கையெழுத்து மட்டும் மேலாளர் போடுவார். தமிழ்க் குடும்பம் என்றால் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடுவார்கள். "அவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்பார்கள், சொல்வேன். "என்ன செய்யலாம்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்கள்.

இது என்னை அரித்தது. பட்டம் இருந்தால்தான் அந்தக் கேள்வி என் பக்கம் திரும்பும் என்று புரிந்தது. அதே சமயம் பல்கலைக்கழகத்தில் என்னைப்போலப் பட்டயத்தோடு வேலையில் இருப்பவர்களை நேராக இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்வதுண்டு என்று கேள்விப்பட்டேன். நாம் கையாண்ட ஒரு கேஸின் அறிக்கையை அனுப்ப வேண்டும், நேர்காணலுக்குப் போக வேண்டும். அவர்களுக்குத் திருப்தி என்றால் முதலாண்டைத் தாண்டிவிடலாம். எனக்கு அது கட்டாயம் வேண்டியிருந்தது. ஏனென்றால் நிலையத்தில் இரண்டு வருடம்தான் லீவு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று வருடம் என்றால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான். அப்போது எனக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா இல்லாத வீட்டில் வேலைக்குப் போனவள் நான் ஒருத்திதான்.

எந்த அறிக்கையை அனுப்புவது என்று யோசிக்கவே இல்லை. பாக்கியத்தின் கேஸ்தான். மூன்றே சந்திப்பில் முடித்த கேஸ் அது, என் சாமர்த்தியத்துக்கு அத்தாட்சி.

பாக்கியத்துக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கலா என்று இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை. கணவன் கப்பல் பட்டறையில் வேலை செய்தான், அதிகம் பேசாதவன். குவீன்ஸ்டவுனில் கணவனின் அண்ணன் வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். ஒரு நாள் பாக்கியம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூன் லேயில் இருந்த தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வரவில்லை. எங்கள் நிலையத்துக்கு வந்து உதவி கேட்டவர் கணவன் இல்லை, கணவனின் அண்ணன். மூத்தார் என்று நம் பக்கத்தில் சொல்வோமே, அவர்தான்.

நல்ல மனிதர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பேச்சில் ஒரு அமைதி. துறைமுகத்தில் மேற்பார்வை வேலை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நீங்க நம்ம ஆளா? நல்லதாப் போச்சும்மா. வேற யாராச்சும் வந்திருந்தா எப்பிடிச் சொல்லிப் புரிய வைக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன்" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் கிறிஸ்தவக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழு. ஆனாலும் அவர்கள் வீட்டு நடைமுறை எனக்கு அத்துப்படி. மூத்தார் இருக்கிற கூடத்தில் தம்பி மனைவி வந்து உட்காரமாட்டாள். அவர் எதிரில் வாய் திறந்து பேசமாட்டாள். சமையலறை வாசலில், பாதி உடம்பு உள்ளே பாதி வெளியே என்று நிற்பாள். வந்தவர்கள் அவளை நேராகக் கேள்வி கேட்டால் அவளுக்கும் சங்கடம், வீட்டுக்கும் சங்கடம். ஆங்கிலம் மட்டும் தெரிந்த என் சக ஊழியர்கள் இதெல்லாம் தெரியாமல் நுழைந்து காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்று நானே மேலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

முதல் சந்திப்பு எங்கள் அலுவலகத்தில், மூத்தாரோடு. இரண்டாவது பூன் லேயில். அங்கே தங்கச்சியின் கணவர் கூடத்தில் உட்கார்ந்து பேசினார். "போகட்டும்க்கா, குடும்பம்னா பிரச்சன இருக்கத்தான் செய்யும்" என்றார். உள்ளே பாக்கியம் அழுகிற சத்தம் கேட்டது. மனசு கனிந்துவிட்டது, போய்விடுவாள் என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாவது சந்திப்பு அவள் திரும்பி வந்த பிறகு, குவீன்ஸ்டவுன் வீட்டில்.

"அது சின்னப் பொண்ணு. ஃபேக்டரி வேலைக்குப் போகணும்னு ஆசைப்படுது. போகட்டும், நாங்க தடுக்கல. பிள்ளைய நாங்க வளக்குறோம். எங்க வீட்டுக்காரிக்குக் கலான்னா உசுரு" என்றார் மூத்தார்.

அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. சமையலறை வாசலைப் பார்த்தேன். பாக்கியம் தலையைக் குனிந்து நின்றாள். "சரிதானேம்மா?" என்று பொதுவாகக் கேட்டேன். தலையசைந்தது.

அறிக்கையில் எழுதினேன்: 'குடும்பத்துக்குத் திரும்பத் தாய்க்கு விருப்பம். குழந்தையைப் பெரியப்பாவும் பெரியம்மாவும் வளர்ப்பதற்குத் தாய் சம்மதம் தெரிவித்தார். கூட்டுக் குடும்பத்தின் ஆதரவு வலுவாக உள்ளது.' எல்லாம் அழகான ஆங்கிலத்தில். பிறகு மூத்தார் ஒரு நாள் வந்து, "இதையே ஒரு லெட்டராக் குடுத்தீங்கன்னா கையில இருக்கும்மா" என்று கேட்டார். நியாயமாகப் பட்டது. நிலையத்தின் தாளில் டைப் அடித்து, மேலாளரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். கோப்பை மூடிவிட்டேன்.

அந்த அறிக்கைதான் பல்கலைக்கழகத்துக்குப் போனது.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் மூத்தவர்கள். மூன்றாமவர் ஒரு சீன விரிவுரையாளர், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருக்கும். பேச்செல்லாம் ஆங்கிலத்தில், நான் தமிழில் சொல்கிறேன். மூத்தவர்கள் இருவரும் கேட்டதற்கெல்லாம் கணீரென்று பதில் சொன்னேன். இளையவர் என் அறிக்கையைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து, "இதில் அந்தப் பெண் சொன்ன வாக்கியம் எது?" என்று கேட்டார்.

"இரண்டாம் பக்கம். திரும்பிப் போக விருப்பம் என்று சொன்னது" என்றேன்.

"அது நீங்கள் எழுதிய வாக்கியம். அவர் சொன்னது எது?"

"தலையசைத்தார்."

"யாரைப் பார்த்து?"

எனக்குக் கோபம் வந்தது. இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். மூத்தார் என்றால் யார், அவர் எதிரில் ஏன் பேசமாட்டார்கள், நமக்குள் தலையசைப்பே ஒரு பதில்தான் என்பதையெல்லாம் ஐந்து நிமிடம் வகுப்பே எடுத்தேன். மூத்தவர் ஒருவர் ஆர்வமாகக் குறித்துக்கொண்டார். வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

இளையவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "அந்த இடத்தில் அவரால் பேச முடியாது என்று உங்களுக்கு இவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பிறகு ஏன் அந்த இடத்தில் வைத்துக் கேட்டீர்கள்?" என்றார். அவர் குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் மூத்தவர்கள் பக்கம் திரும்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் இதே கேஸைப் பற்றி இன்னும் ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொன்னார்கள். அந்தப் பெண் என்ன சொன்னாரோ அதை மட்டும் எழுத வேண்டும். முடிவு அதைப் பார்த்த பிறகு.

வெளியே வந்து பஸ் ஏறித் தேக்காவில் இறங்கினேன். வீடு பக்கத்தில்தான், ஆனால் அம்மா "என்னாச்சு" என்று கேட்பாரே என்று போகவில்லை. சிராங்கூன் ரோட்டில் வழக்கமாகப் போகும் கடையில் ஒரு தோசையும் கோப்பியும் சொல்லிவிட்டு, அறிக்கையின் கார்பன் பிரதியை எடுத்து மேசையில் விரித்தேன். கையில் பென்சில். பாக்கியம் வாய்விட்டுச் சொன்னது எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் கோடு போடுவது என்று ஆரம்பித்தேன். முதல் பக்கம் முடிந்தது, இரண்டாம் பக்கம் முடிந்தது, நான்கு பக்கமும் முடிந்தது. ஒரு கோடுகூட விழவில்லை.

"என்ன மிஸ், பரீட்சையா? தோசை ஆறிப்போச்சே" என்றார் கடைக்காரர்.

"ஆமாண்ணே, பரீட்சைதான்" என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அப்போதும், உண்மையைச் சொல்கிறேன், பயம் என் சீட்டைப் பற்றித்தான்.

மறுநாள் காலை குவீன்ஸ்டவுனில் அவர்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே போய் நின்றேன். மூத்தார் வேலைக்குப் போயிருக்கும் நேரம். பாக்கியம் மார்க்கெட்டுக்குப் போக இறங்கித்தானே ஆக வேண்டும். பத்து மணி வாக்கில் பையோடு வந்தாள். இடுப்பில் குழந்தை இல்லை. என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். கீழ்த்தளத்துக் கல் மேசையில் இருவரும் உட்கார்ந்தோம்.

"கலா எங்க பாக்கியம்?"

"மேல அக்காகிட்ட." அக்கா என்றது மூத்தாரின் மனைவியை. "இப்பல்லாம் அவங்க ரூம்லதான் தூங்குது. கதவ சாத்திக்கிறாங்க."

"உனக்கு அது சரியா இருக்கா? நீ என்ன நெனைக்கிற?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இத அன்னிக்கே கேட்டிருக்கலாம்ல அக்கா? நான் எதுக்கு வீட்ட விட்டுப் போனேன்? பிள்ளைய அவங்களுக்குக் குடுத்துடணும்னு வீட்ல முடிவாயிருச்சு. எங்க வீட்டுக்காரரு, அண்ணன் சொன்னா சரிங்கறாரு. அதான் தூக்கிக்கிட்டு ஓடுனேன். நீங்க வந்து திரும்பக் கொண்டாந்து விட்டீங்க."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"நீங்க வர்றீங்கன்னதும் சந்தோஷப்பட்டேன்க்கா, நம்ம ஆளு வர்றாங்கன்னு. அப்பறம் பாத்தா உங்களுக்கும் அந்த வீட்டு வழக்கமெல்லாம் தெரிஞ்சிருக்கு. அவரத்தான் பாத்துப் பாத்துப் பேசுனீங்க. ஒரு சீன மிஸ்ஸி வந்திருந்தா, ஒண்ணும் தெரியாம, நேரா என்கிட்டயே கேட்டிருப்பாங்க."

என் வாழ்க்கையில் என் வேலையைப் பற்றி யாரும் அதைவிடக் கடுமையாகச் சொன்னதில்லை. அவள் திட்டக்கூட இல்லை. நடந்ததைச் சொன்னாள்.

அதோடு முடியவில்லை. மூத்தாரின் மனைவி கலாவை அழைத்துக்கொண்டு சென்னைக் கப்பலில் ஊருக்குப் போகிறார். இரண்டு மூன்று வருடம் அங்கேயே வைத்திருந்து பள்ளிக்கூட வயதில் கொண்டுவருவதாகப் பேச்சு. குழந்தைக்குப் பாஸ்போர்ட் எழுதிப் போட்டாயிற்று. தாயின் சம்மதத்துக்கு அத்தாட்சியாக நான் டைப் அடித்துக் கொடுத்த கடிதம் அதோடு போயிருக்கிறது.

"கப்பல் எப்ப?"

"அடுத்த மாசம்னாங்க. அதுக்குள்ள நான் செத்துப்போயிட்டா நல்லதுன்னு இருக்கு."

அப்போதுதான் என் சீட்டு என் மனதிலிருந்து இறங்கியது. பெருந்தன்மையால் இல்லை, வெட்கத்தால். அந்தக் கடிதம் தப்பு என்று எழுதினால்தான் குழந்தை நிற்கும். அப்படி எழுதினால், பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய அறிக்கையும் தப்பு என்று ஆகிவிடும். ஒன்றை மட்டும் திருத்த வழியே இல்லை.

நேராக மேலாளரிடம் போனேன். அவர் ஒரு சீனப் பெண்மணி, கண்டிப்பானவர், எனக்காகப் பல்கலைக்கழகத்துக்கு நற்சான்று எழுத ஒப்புக்கொண்டிருந்தவர். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நீ சொன்னதை நம்பித்தானே நான் கையெழுத்துப் போட்டேன் என்றார். ஆமாம் என்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, இரண்டு வாரத்தில் பல்கலைக்கழக முடிவு வந்துவிடும், அது வரட்டும், கப்பலுக்கு இன்னும் நாள் இருக்கிறதே, பிறகு கடிதத்தைத் திரும்பப் பெறலாம் என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். அதை இன்றுவரை நான் தவறாக நினைக்கவில்லை.

எனக்கும் அந்த யோசனை இனித்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் இனித்தது. பிறகு, கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் என்று பாக்கியம் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு நாளும் அந்தக் குழந்தை அந்த அறைக்குப் பழகிக்கொண்டிருக்கிறது. இரண்டு வாரம் எனக்குச் சின்னது, அவளுக்கு அப்படி இல்லை.

"இன்றைக்கே அனுப்ப வேண்டும்" என்றேன். மேலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டைப் அடித்துக் கொண்டுவரச் சொன்னார். கடிதம் நான்கு வரிதான். முந்தைய கடிதத்தை நிலையம் திரும்பப் பெறுகிறது, தாயிடம் நேரில் கேட்காமலே அது எழுதப்பட்டது, தவறு எழுதிய ஊழியருடையது, தாய்க்குச் சம்மதம் இல்லை. குடிநுழைவு அலுவலகத்துக்கு ஒரு பிரதி, மூத்தாருக்கு ஒரு பிரதி. மேலாளர் கையெழுத்துக்குக் கீழே நானும் போட்டேன். ஆறு வருடத்தில் நிலையத்தின் தாளில் என் கையெழுத்து விழுந்தது அதுதான் முதல் தடவை.

ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தேன். தபாலில் போடுவதற்கு முன்னால் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு பாக்கியத்தைத் திரும்ப அதே கீழ்த்தளத்தில் பார்த்தேன். தமிழில் வரி வரியாகச் சொன்னேன். இது போனால் வீட்டில் சத்தம் வரும், உன்னைத்தான் கேட்பார்கள், தங்கச்சி வீட்டுக்கு மறுபடி போவதென்றால் போகலாம், எப்படிச் செய்யலாம் என்று கேட்டேன்.

"போடுங்கக்கா. இந்தத் தடவ நான் ஓடல" என்றாள்.

பல்கலைக்கழகத்துக்கு அந்த ஒரு பக்கத்தையும் எழுதினேன். எழுத என்ன இருந்தது? மூன்று சந்திப்புக்கும் தேதி போட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஒரே வரி. 'அவர் எதுவும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.' அதன் கீழே, கீழ்த்தளத்தில் அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதி, கடிதம் திரும்பப் பெறப்பட்டதையும் குறிப்பிட்டேன். முக்கால் பக்கம் காலியாகவே போனது.

பத்து நாளில் பதில் வந்தது. முதலாண்டில் சேர்த்துக்கொள்கிறார்கள். பட்டயத்துக்கும் பணி அனுபவத்துக்கும் சலுகை கிடையாது. மரியாதையான கடிதம், காரணம் எதுவும் எழுதவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அன்று கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். நேர்மையாக நடந்துகொண்டால் யாராவது முதுகில் தட்டுவார்கள் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. தட்டவில்லை. மூன்று வருட லீவு தர முடியாது என்று நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "வேலை பாத்துக்கிட்டிருந்தவ மறுபடி மொதலாண்டு மாணவியாப் போறியா? போ" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமே தேக்காவில் ஒரு துணிக்கடையில் தையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன்.

வேலையில் கடைசி வாரம் மூத்தார் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையில் இரண்டு கடிதமும் இருந்தன.

"இதையும் நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க. அதையும் நீங்கதான் எழுதியிருக்கீங்க. என்னம்மா வெளையாட்டு இது? பாஸ்போர்ட்டு நின்னு போச்சு. வீட்டுக்காரி சாப்பிடாமக் கெடக்குறா."

"ஆமாண்ணே. ரெண்டும் நான்தான் எழுதுனேன். மொதல்ல எழுதுனது தப்பு."

"அவ சம்மதிச்சான்னு போட்டிருக்கே?"

"அவள நான் கேக்கவே இல்லண்ணே. உங்களத்தான் கேட்டேன்."

அவர் அந்த முதல் கடிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"கல்யாணமாகிப் பதினெட்டு வருசம்மா எங்களுக்கு. தம்பி பிள்ளைய எடுத்து வளக்குறது எங்க ஊர்ல நடக்குறதுதான். நாங்க தப்பா ஒண்ணும் நெனைக்கல. அது ஒரு வார்த்த மறுத்துச் சொல்லல. சரின்னுதான் நெனச்சோம்."

"நீங்க கேட்டீங்களா?"

"நான் எப்பிடிம்மா கேக்குறது? அது என் எதுக்க நின்னு பேசுனதே இல்லையே."

அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு வடிந்துவிட்டது. என்னுடைய அதே தவறைத்தான் அவரும் செய்திருந்தார். பட்டயம் படித்த நானே செய்தபோது அவரை மட்டும் என்ன சொல்வது?

"இப்பக் கேக்கலாமாண்ணே? நானும் கூட வர்றேன்" என்றேன்.

அவர் யோசித்தார். நான் இன்னும் நான்கு நாளில் வேலையை விட்டுப் போகிறவள். கோப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர் எழுந்து கதவருகில் போய், திரும்பிப் பார்த்து நின்றார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். கணவனுக்கு அன்று விடுமுறை. மூத்தாரின் மனைவி அழுது வீங்கிய முகத்தோடு கலாவை மடியில் வைத்திருந்தார். பாக்கியம் அதே சமையலறை வாசலில் நின்றாள். கூடத்துக்கு வந்து உட்காரச் சொன்னேன், தலையை ஆட்டி மறுத்தாள். வற்புறுத்தவில்லை. அவளைக் கூடத்துக்கு இழுத்து உட்காரவைப்பது அவளுக்கு இன்னொரு தண்டனை. அசைய வேண்டியது அவள் இல்லை என்று பட்டது.

"அண்ணே, நீங்க நாற்காலிய அந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உக்காருங்க. ஜன்னலப் பாத்து" என்றேன்.

அவருக்கு உடனே புரிந்தது. நாற்காலியைத் திருப்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி, வெளியே பார்த்து உட்கார்ந்தார். நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை, 'சரிதானேம்மா' என்று எடுத்துக்கொடுக்கவில்லை. வெகுநேரம் போனது. பக்கத்து வீட்டு வானொலி கேட்டது. கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், கையைக் காட்டி நிறுத்தினேன்.

பிறகு பாக்கியம் பேசினாள். கூடம் முழுவதும் கேட்டது.

"கலா என் பக்கத்துலதான் படுக்கும், மாமா. பகல்ல நீங்களும் அக்காவும் எவ்வளவு நேரம் வேணும்னாலும் வச்சுக்குங்க. ஊருக்கு அனுப்ப மாட்டேன்."

மூத்தாரின் முதுகு அசையவில்லை. அவர் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். திரும்பாமலே, "சரிம்மா" என்றார் மூத்தார்.

அவள் சொன்னதைச் சொன்னபடியே, தமிழிலேயே, நோட்டில் எழுதிக்கொண்டேன். அலுவலகத்துக்கு வந்து கோப்பில் சேர்த்தேன். நான்கு நாள் கழித்து அந்த வேலையிலிருந்து நின்றேன். அடுத்த மாதம் முதலாண்டு வகுப்பில், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன்.